ஒரு முறம் தவிடு

என் அத்தை மகனை என் அம்மா ஒரு முறம் தவிட்டுக்கு விலைக்கு வாங்கினாள். மேரு என்ற ஊர்ப் பக்கத்தில், கடல் தாண்டி வந்து நாங்கள் கூலிகளாக இருந்த ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு வாசற்படியில், பட்டப்பகலில் அந்த வியாபாரம் நடந்தது. பிறந்து சில நாளே ஆன பிள்ளையோடு அத்தை உள்ளே நின்றாள். மூங்கில் முறத்தோடு அம்மா வெளியே நின்றாள். முறத்தில் இருந்தது கிள்ளான் பட்டணத்திலிருந்து மாட்டுக்கு வாங்கி வந்த அரிசித் தவிடு. தவிடு உள்ளே போயிற்று, பிள்ளை வெளியே வந்தது. "தவிட்டுக்கு வித்தேன்" என்று அத்தை சொன்னாள். "தவிட்டுக்கு வாங்கினேன்" என்று அம்மா சொன்னாள். முதல் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை இப்படி விற்று வாங்கிவிட்டால், தவிட்டு விலைதானே இதற்கு என்று எமன் அலட்சியமாகத் திரும்பிப் போய்விடுவான் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. பிள்ளைக்குத் தவிட்டான் என்று பெயரும் வைத்தார்கள். அன்று முழுவதும் அந்த முறம் பிள்ளையின் தலைமாட்டிலேயே இருந்தது. மறுநாள் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். அறுபது வயது தாண்டிவிட்டது எனக்கு. அந்த முறத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவள். தாயார் ஊரிலேயே தங்கிவிட்டதால், அவளுக்குத் தாய்வீடு என்று இங்கே இருந்தது எங்கள் வீடுதான். அதே தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டிய மாமாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அடுத்த லயத்தின் கடைசி வீடு. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை வரைக்கும் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டு, மற்றப் பெண்கள் தலையைச் சாய்க்கும் நேரத்தில் இவள் அந்த நிலத்தில் இறங்கிவிடுவாள். அந்தப் பக்கத்து மண் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் காலை விடாது. அதில் சாணமும் அடுப்புச் சாம்பலும் போட்டுப் போட்டு மண்ணையே மாற்றிவிட்டாள். கத்தரி, தண்டங்கீரை, ரப்பர் கிளைகளை நட்டுப் பந்தல் போட்டு ஏற்றிய பாகல், எல்லாவற்றையும்விட அதிகமாகப் பச்சைப்பயறு. காய் கறுத்து வெடிப்பதற்குள் வெயிலேறும் முன் பறித்துவிட வேண்டும் என்பாள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் வீடு எதுவானாலும் அங்கே அவள் கைப்பயறு ஒரு குவளை போய்ச் சேரும். வாய்த்துடுக்கு உண்டு. கங்காணியானாலும் கணக்கெழுதும் கிராணியானாலும் ஒரு பேச்சுக்கு இரண்டு பேச்சுத் திருப்பிக் கொடுப்பாள். இப்படிப்பட்டவளைத்தான் எங்கள் வீடு ஒரு பாயில் படுக்கவைத்து வாயைக் கட்டியது.

அந்த நாளில் தோட்டத்துக் கடையில் கொடுத்தது புழுங்கலரிசி. பழுப்பு நிறம், ஒரு வாடை அடிக்கும், வேக நேரமாகும். முதல் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் இரங்கூன் அரிசி வரத்துக் குறைந்துபோய், கடைக்கு வெள்ளை அரிசி வந்தது. நன்றாகத் தீட்டிய, கண்ணாடி மாதிரி பளபளக்கும் அரிசி. துரைமார் எங்களை ஏமாற்றிக் கொடுத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நாங்கள் அதைப் பார்த்துக் குதித்தோம். கல்யாணச் சோறு தினமும் வீட்டிலேயே கிடைக்கிறதென்று லயமே பூரித்தது. அம்மா அந்த அரிசியைத் தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்பக் கழுவுவாள். கொதித்ததும் கஞ்சியை வடித்துக் கொட்டுவாள். வெள்ளைப் பீங்கான் மங்கில் போட்டு வைத்தால் சோறு எது, மங்கு எது என்று தெரியாது. அப்பா அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவார். வாடை அரிசியைத் தின்றுகொண்டிருந்த காலமெல்லாம் வீணாய்ப் போனதுபோல ஒரு முகம் அவருக்கு.

அத்தையின் முதல் பிரசவம் அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. தாய் இல்லாத குறை தங்கச்சிக்குத் தெரியக்கூடாது என்று அப்பா கிள்ளான் பாசார்ச் சந்தை வரைக்கும் போய், கடைகளில் இருந்ததிலேயே வெள்ளையான அரிசியைத் தேடி வாங்கி வந்தார். அம்மா பத்தியத்தில் ஒரு நூலிழை பிசகவில்லை. வெள்ளைச் சோறு, பூண்டு, மிளகுத் தண்ணீர், சுட்ட கருவாட்டில் ஒரு துண்டு. கீரை ஆகாது, பிள்ளைக்குக் கழியும். பயறு ஆகவே ஆகாது, வாயு, பாலில் இறங்கிப் பிள்ளை வயிற்றை முறுக்கும். அத்தையின் தோட்டத்தில் காய்த்துக் கிடந்ததை ஊரார் பறித்துத் தின்றார்கள், அவள் மட்டும் தின்னக்கூடாது. அவளுக்குக் கால் வீங்கியது. பச்சை உடம்புக்கு நீர் இறங்குகிறது என்றார்கள். மூச்சு வாங்கியது. பெற்றெடுத்த அலுப்பு என்றார்கள். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. பிறகு பாலைக் கக்க ஆரம்பித்தது. பிறகு அதன் குரல் போயிற்று.

சத்தம் வராத அழுகையை நான் அப்போதுதான் பார்த்தேன். வாய் முழுக்கத் திறந்திருந்தது. நெற்றி நரம்பு புடைத்து, முகம் சிவந்து, கைகால் உதைத்துப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. வீட்டில் ஒரு ஓசை இல்லை. காற்று மட்டும் உஸ்ஸென்று வந்தது. அடுப்படியில் இருந்த அம்மாவுக்குப் பிள்ளை அழுவதே தெரியவில்லை. அத்தை அந்த வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமா வண்டி பூட்டினார். தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாவும் வந்தார். பிள்ளைத் துணிமூட்டையைப் பிடித்துக்கொள்ள என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அங்கே டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுத்த டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். சலவை செய்த வெள்ளைக் காற்சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை. பிள்ளையின் வாயைப் பார்த்தார். பிறகு குனிந்து அத்தையின் கணைக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது.

"இது உந்த வெள்ளை அரிசியால வாற வருத்தம்," என்றார் அப்பாவிடம். "சத்தெல்லாம் தவிட்டோட போயிட்டுது. புழுங்கல் அரிசி குடும். பயறு குடும். பத்தியம் கித்தியம் எல்லாத்தையும் விடும். எங்கட வீட்டில நாங்கள் இந்த அரிசியத் தொடுறேல்ல."

பிள்ளை அன்று மாலை திரும்பும் வழியிலேயே, மாட்டுவண்டியில், அத்தை மடியில் முடிந்துபோயிற்று. அதைப் புதைத்துவிட்டு வந்த அப்பா, டிரெசர் சொன்னதை அம்மாவிடம் சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா? "யாழ்ப்பாணத்தாருக்கு அவங்க சோறுதான் சோறு. பிள்ளை சாகக் கிடக்கிறப்பகூட அவங்க அரிசிப் பெருமைதான்." அம்மா அதற்குத் தலையாட்டினாள். "பிள்ளை பெத்த வீட்டு விஷயம் ஆம்பளைக்கு என்ன தெரியும்?" என்றாள். இவ்வளவுதான். ஒரு உயிரைக் காப்பாற்றும் வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்து, சாதிப் பேச்சாகவும் ஆண்பிள்ளைப் பேச்சாகவும் ஆகி வெளியே போய்விட்டது. அப்பா நல்லவர். தங்கச்சிக்காக உயிரையே கொடுப்பார். அவரால் கொடுக்க முடியாமல் போனது வாடை அடிக்கும் ஒரு பிடி அரிசிதான்.

டிரெசர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அவருக்குத் தெரிந்திருந்தது. தன் வீட்டுக்குத் தனியாகப் புழுங்கலரிசி மூட்டை வரவழைத்துச் சாப்பிட்டார். எங்களுக்கு ஆஸ்பத்திரியில் நின்று ஒருமுறை சொன்னார், கேட்காவிட்டால் உங்கள் தலைவிதி என்று கதவைச் சாத்திக்கொண்டார். லயத்துக்குள் நடந்து வந்து, பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்னொரு தடவை சொல்ல அவருடைய வெள்ளைக் காற்சட்டை இடம் கொடுக்கவில்லை. துரையிடமும் சொன்னாராம். கூலிகளுக்கு வெள்ளை அரிசிதான் பிடிக்கிறது, அதில் தலையிட மாட்டேன் என்று துரை சொன்னாராம். எங்களுக்கு வேறு எதெல்லாம் பிடிக்கும் என்று அந்தத் துரை அதுவரை ஒருநாளும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

லயத்தில் பேச்சு வேறு விதமாகப் போயிற்று. அத்தையின் பாலில் தோஷம் என்றார்கள். குடித்த பிள்ளை வாயடைத்துச் செத்ததே, அது விஷப்பால் இல்லாமல் வேறென்ன என்றார்கள். குழாயடியில் அத்தை பக்கத்தில் வந்து நின்றால் மற்றப் பெண்கள் கைப்பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். மாமாவிடம் வேறு பெண் பார்க்கலாமே என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள். மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். சரி என்றும் சொல்லவில்லை, வாயை மூடு என்றும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான், மாட்டிடம் பேசுவதில் பாதிகூட மனிதரிடம் பேசமாட்டார்.

அத்தை தன் வீட்டுக்குத் திரும்பியதும் வெள்ளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு பயற்றை வேகவைத்துத் தின்ன ஆரம்பித்தாள். காலையும் பயறு, மாலையும் பயறு. கால் வீக்கம் வடிந்தது. ஒருநாள் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, டிரெசர் செய்தது மாதிரியே தன் காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "பாரு புள்ள, குழி விழல," என்றாள். அவள் அன்று சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த பிள்ளை வயிற்றில் வந்தது.

இரண்டாவது பிரசவத்துக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். வர மாட்டேன் என்று முதலில் அடம் பிடித்தாள். பிள்ளைப்பேறு பார்க்க அவள் வீட்டில் வேறு பெண்துணை இல்லை. தாய்வீட்டுக்குப் போகாமல் இருந்தால் அண்ணனுக்கு அவமானம் என்று அப்பா கண்கலங்கினார். வந்தாள். ஆண்பிள்ளை பிறந்தான். நான் முதலில் சொன்ன தவிட்டு வியாபாரம் அப்போதுதான் நடந்தது. அது முடிந்ததும் அத்தை அம்மாவிடம் கேட்டாள், "அண்ணி, உங்க கால்ல விழுறேன், எனக்குப் பயறு போடுங்க. போன தடவை இந்தச் சோத்தத் தின்னுதான் பிள்ளையக் கொன்னேன்."

"வாயக் கழுவு," என்றாள் அம்மா. "இப்ப அவன் நான் வாங்கின பிள்ளை. உன் இஷ்டத்துக்கு விட மாட்டேன்."

அத்தை விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். யாராவது இரக்கப்பட்டு ஒரு பிடி பறித்து வந்து கொடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அம்மா ஒரு மத்தியானம் எழுந்து போனாள். அத்தையின் தோட்டத்தில் இறங்கி, பூவும் பிஞ்சுமாக நின்ற பயற்றஞ்செடிகளை வேரோடு பிடுங்கினாள். ஒரு செடி விடவில்லை. அள்ளிக்கொண்டு போய் மாட்டுக்குப் போட்டாள். திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டு, அத்தைக்கு மிளகுத் தண்ணீர் கொதிக்கவைத்தாள். பொல்லாதவள் இல்லை என் அம்மா. ராத்திரி பகலென்று பாராமல் அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள். அதனால்தான் அவள் மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பொல்லாதவளாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அத்தையின் கால் மறுபடி வீங்கியது. தவிட்டான் பாலைக் கக்கினான். அவன் அழுகை மெலிந்தது. கரகரத்தது. ஒருநாள் காலை அவன் வாயைத் திறந்து அழுதான், பாதிச் சத்தந்தான் வந்தது. அத்தை அதைக் கேட்டதும் பாயிலிருந்து எழுந்தாள். பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தீட்டு கழியாத உடம்போடு, அம்மா கத்தக் கத்த, லயத்து வாசல்களையெல்லாம் கடந்து தன் வீட்டுக்கு நடந்தாள். வீங்கிய காலோடு அவள் நடந்தது நடையா அது. நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். தவிட்டு மூட்டையைப் பிரித்து அள்ளினாள். பழைய மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றித் தவிட்டைக் கொதிக்கவைத்துத் துணியில் வடித்தாள். பழுப்பாக ஒரு தண்ணீர் இறங்கியது. அதைத் தான் குடித்தாள். ஆறவைத்துச் சங்கில் எடுத்துப் பிள்ளைக்கும் புகட்டினாள். பின்னாலேயே ஓடிய அம்மாவும் நானும் கொட்டகை வாசலில் நின்று பார்த்தோம். இரண்டு மாடுகளும் அசை போட்டுக்கொண்டு நின்றன. தோட்டத்தில் வீக்கமில்லாத உடம்போடு தளதளவென்று நின்ற உயிர்கள் அந்த இரண்டுதான்.

"அவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு," என்று அம்மா லயத்துக்கு வந்து சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்கு ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள் சிலர். செத்துப்போன முதல் பிள்ளை வந்து பிடித்துக்கொண்டது என்றார்கள் சிலர். மாட்டுத் தீனியைத் தானும் தின்று பிள்ளைக்கும் கொடுத்தவளை வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள். அத்தை வீட்டைச் சாத்திக்கொண்டாள். அப்பா வெளியே நின்று கெஞ்சினார். உள்ளே தவிடு கொதிக்கும் வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது. மாமா என்ன செய்தார் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மூட்டை காலியானபோது, யாரும் சொல்லாமலே கிள்ளானிலிருந்து இன்னொரு மூட்டை இறக்கிப் போட்டார். மாட்டுக்கென்று வாங்கினாரா மனைவிக்கென்று வாங்கினாரா என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை.

சில நாள் கழித்து முனியாண்டி கோயில் பூசாரியை அழைத்து வந்தார்கள். நல்ல வெயில் நேரம். அத்தையை இழுத்து வந்து அவள் வீட்டு முன்னால் உட்காரவைத்தார்கள். அவள் மடியில் தவிட்டான். பூசாரி உடுக்கையை அடித்துக்கொண்டு, யார் நீ, எதற்கு வந்தாய், என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டுக் கேட்டு வேப்பிலையால் அவள் தலையிலும் முதுகிலும் அடித்தார். வீங்கிய காலை நீட்டிக்கொண்டு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மேல் அடி படாமல் குனிந்து மறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பூசாரி எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிய உடுக்கையைக் கீழே வைத்தார். அப்போது தவிட்டான் அழுதான். லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி, வீறிட்டு, தொண்டை திறந்து அழுதான்.

அம்மா அப்படியே பூசாரியின் காலில் விழுந்தாள். அப்பா விழுந்தார். சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தை முகத்தில் ஒட்டியிருந்த வேப்பிலையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்திலேர்ந்தே அழுறான்," என்றாள். "நீங்க யாரும் கேக்கல."

அன்றும் யாரும் கேட்கவில்லை. கிடா வெட்டினார்கள். பிள்ளைக்கு முனியின் பெயரை மாற்றி வைத்தார்கள். முனிதான் காப்பாற்றினார் என்று அப்பா சாகும் வரை சொன்னார். நான் தவிட்டுக்கு வாங்கிய ராசிதான் காப்பாற்றியது என்று அம்மா சாகும் வரை சொன்னாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று டிரெசர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். பெற்றவளுக்கு மட்டும் பைத்தியம் தெளிந்தது என்ற பட்டம் கிடைத்தது. பிறகு ஒரு நாள் கடையில் வெள்ளை அரிசி நின்று மறுபடி புழுங்கலரிசி வந்தது. ஏன் என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மறுபடி வாடை அரிசியா என்று முதலில் முணுமுணுத்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அத்தை தன் நிலம் முழுவதையும் கொத்தி, கத்தரியும் வேண்டாம் பாகலும் வேண்டாம் என்று, வெறும் பயற்றை மட்டுமே விதைத்தாள். பிரசவ வீடு எங்கே என்று தெரிந்தால் மடியில் கட்டிக்கொண்டு போய் நிற்பாள். சில வீடுகளில் வாங்கிக்கொண்டார்கள். சில வீடுகளில் கதவைத் திறக்கவில்லை.

பின்னாளில் எனக்குக் கல்யாணமாகி, ரயில்வே வேலைக்காரரோடு பட்டணத்தில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குடிவந்து, புத்தகம் படிக்கப் பழகிய பிறகுதான் அந்த நோய்க்குப் பெரிபெரி என்று பெயர் இருப்பது தெரிந்தது. அரிசியின் மேல்தோலைத் தீட்டி எடுத்தால் சத்தும் போய்விடும், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு முதலில் குரல் அடைக்கும் என்றெல்லாம் அச்சில் இருந்தது. நாங்கள் லயத்தில் வெள்ளைச் சோற்றைப் பார்த்துப் பூரிப்பதற்கு முன்னாலேயே படித்தவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். படித்த அன்று எனக்கு அடுப்பு மூட்டவே கை வரவில்லை. தவிட்டானின் தலைமாட்டில் ஒரு பகல் முழுக்க இருந்த முறந்தான் கண்ணுக்குள் நின்றது. மருந்து அங்கேயே இருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நாங்கள் எமனை ஏமாற்றிக்கொண்டிருந்தோம்.

அத்தை நிறைய வயது இருந்து, போன வருஷம் மேருவில் மகன் வீட்டில் போனாள். லோரி ஓட்டி, லோரி வாங்கி, வீடு கட்டி நிமிர்ந்தவன் அவன். தவிட்டுக்கு வாங்கிய முறையில் எனக்குத் தம்பி, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். பெரிய குரல். அத்தை மட்டும் அவனைக் கடைசி வரை தவிட்டான் என்றே கூப்பிட்டாள், அவனுக்கு அது பிடிக்காது. சாவு வீட்டில் வந்தவர்களிடம் அவன் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான், "நான் கைப்பிள்ளையா இருக்கிறப்ப ஆத்தாவுக்குப் புத்தி சரியில்ல. முனியாண்டிதான் என்னைக் காப்பாத்துனாரு." எடுக்கும் நேரம் வந்தது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். தலைமாட்டில் ஒரு மங்கு நிறைய அரிசி வைத்திருந்தார்கள். கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கியது, பளபளவென்று வெள்ளை வெளேரென்று. ஒவ்வொருவராக அள்ளி அவள் வாயில் போட்டுவிட்டு அழுதார்கள்.

என் முறை வந்தது. நான் அந்த மங்கைத் தொடவில்லை. எழுந்து பின்பக்கம் போனேன். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் வாய் பிரித்த தவிட்டுச் சாக்கு இருந்தது. ஒரு பிடி அள்ளிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி உள்ளே வந்து, குனிந்து, அவள் வாயில் கிடந்த வெள்ளை அரிசியின் மேல் அதைப் போட்டேன். அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா, என்னக்கா இது? கோழித் தீனியப் போய் ஆத்தா வாயில போடுறீங்க?" என்று அவன் கத்தினான்.

அந்தக் குரல் வீட்டுக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கத்துடா தம்பி," என்றேன். "நல்லாக் கத்து. அவளுக்குக் கேக்கட்டும்."